துண்டுக்கு அடியில் ஒரு துணி

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். எல்லாம் மொறமொறவென்று காய்ந்திருக்க, ஒரு பூந்துவாலை மட்டும் கனமாகத் தொங்கியது. தூக்கிப் பார்த்தால் அடியில் என் மகளின் ஜட்டியும் சிம்மீசும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஈரமாகக் கிடந்தன. லேசாகப் புழுங்கின வாடை. அவளுக்குப் பதினொரு வயது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளே துணி காயப் போட்டிருந்தாள். "ஏன் கண்ணு இப்படிப் போட்டே?" என்று கேட்டதற்கு, "அப்படித்தானேம்மா போடணும்" என்றாள். மறைத்துப் போடு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. என் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில். மழை குறைந்த சீமை, கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் கிளுவை முள்வேலியும்தான் கண்ணுக்கெட்டிய தூரம். அங்கே வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. எங்கள் தோட்டத்தில் பாதித் துணி கிளுவை வேலியில்தான் காயும். முள் இருக்கிறதே, கிழியாதா என்று கேட்பீர்கள். பழகினவர்களுக்கு அந்த முள்தான் கிளிப், எந்தக் காற்றுக்கும் துணி நகராது. எடுக்கும்போது பக்கவாட்டில் இழுக்காமல் நேராக மேலே தூக்கி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். தாத்தாவை அப்பாரு என்றும் பாட்டியை ஆத்தா என்றும்தான் நாங்கள் கூப்பிடுவோம். அப்பாருவின் வேட்டி, தலைத்துண்டு, கோவணம் எல்லாம் தடத்தை ஒட்டின வேலியில் காயும். சந்தைக்குப் போகிறவர்கள், பால் ஊற்றப் போகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போவார்கள். ஒருத்தரும் ஒன்றும் நினைத்ததில்லை. ஆத்தாவின் உள்பாவாடை மட்டும் வாசலுக்கு வராது. பின்கட்டுக் கொடியில், சேலைக்கு அடியில், பாதி காய்ந்தும் காயாமலும் கிடக்கும்.

தீட்டுத் துணி வெயிலையே பார்த்ததில்லை. மாட்டுச்சாளைக்குள் சோளத்தட்டு அடுக்கின மூலையில் ஒரு சணல் கயிறு கட்டியிருக்கும், அதன்மேல் ஒரு பழைய சாக்கு. சாக்குக்கு அடியில்தான் வீட்டுப் பெண்கள் எல்லோருடைய துணியும். நான் பெரியவளான பிறகு ஆத்தா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கயிற்றைக் காட்டி, "இங்கதான் போடோணும் சாமி, ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாது" என்றார். பாசத்தோடுதான் சொன்னார். அவருக்கு அவருடைய மாமியார் சொன்னது. ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாளானாலும் அந்த மூலையில் துணி காயாது. சாணி வாடையும் தட்டுப் பூச்சியும் ஒட்டிக்கொண்டிருக்கும். அரை ஈரத்தோடுதான் எடுத்துக் கட்டிக்கொள்வோம்.

பிளஸ் ஒன் படிக்கும்போது எனக்கு அரிப்பும் புண்ணும் வந்து நடக்கவே முடியாமல் போனது. காங்கேயத்தில் ஒரு லேடி டாக்டரிடம் அம்மா கூட்டிப் போனார். அவர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "துணிய எங்கம்மா காயப் போடறீங்க?" என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "நல்லா சோப்புப் போட்டு அலசி வெயில்ல போடுங்க. கூச்சமா இருந்தா மேல மெல்லிசா ஒரு வெள்ளைத் துணியப் போட்டுக்குங்க. ஆனா வெயில் படோணும், காத்து படோணும், உள்ளுக்குள்ள வரைக்கும் காயோணும்" என்றார். ஈரமும் கதகதப்பும் இருட்டும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் வேறு கிடையாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் கிருமிகள் பலவற்றைக் கொல்லும் என்பது சரிதான், ஆனால் அதைவிடப் பெரிய காரியம் துணி முழுசாகக் காய்வது.

அம்மா அன்று சாயங்காலமே மோட்டார் ரூம் சுவருக்கும் தென்னை மரத்துக்கும் நடுவில் ஒரு கொடி கட்டினார். ஆத்தா ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. எனக்குப் புண் ஆறினது.

அப்புறம் திருப்பூர். 2003-ல் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தேன், பின்னால் தரப் பிரிவுக்குப் போனேன். அங்கேதான் ஒரு விஷயம் முதலில் ஆச்சரியமாக இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற டீ-சர்ட்டைத் துவைத்து, மெஷினுக்குள் சூடான காற்றில் உருட்டிக் காயவைத்துத்தான் எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்போம். நீளத்தில் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் சரக்கு நிற்கும். ஏன் இப்படி என்று கேட்டேன். அங்கே நிறைய வீடுகளில் துணி அப்படித்தான் காயுமாம், அதனால் சோதனையும் அப்படி. எங்கள் ஊரில் அதே டீ-சர்ட்டைக் கொடியில் போட்டால் அந்த அளவுக்குச் சுருங்குவதே இல்லை. சூட்டோடு உருள்வதுதான் பனியன் துணியைச் சுருக்கி எடுக்கிறது. அந்த மெஷினின் வலையில் ஒவ்வொரு தடவையும் பஞ்சு மாதிரி ஒரு படலம் சேரும். அது வேறெங்கிருந்தோ வந்ததல்ல, நம் துணியிலிருந்து தேய்ந்து வந்த நூல்தான். அதைக் கையில் உருட்டிப் பார்த்த நாளிலிருந்து கொடிமேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

இன்னொன்று, சட்டைக்குள் தைத்திருக்கிற வாஷ்கேர் லேபிளை நாம் யாரும் படிப்பதில்லை. நாங்கள் அதை ஆயிரக்கணக்கில் சரிபார்ப்போம். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் மெஷினில் காயவைப்பதைப் பற்றிய குறி. சதுரத்தின் நடுவில் படுக்கைக் கோடு இருந்தால் தொங்கவிடாமல் தட்டையாக விரித்துக் காயவைக்க வேண்டும், ஸ்வெட்டர் போன்றவற்றுக்கு இது வரும். மேல் இடது மூலையில் சாய்கோடு இருந்தால் நிழலில். புதுத் துணி வாங்கினால் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள், பாதிச் சண்டை தீரும்.

திருப்பூரில் நான் இருந்தது லைன் வீடு. எட்டு வீட்டுக்கு ஒரு வாசல், எட்டு வீட்டுக்கும் சேர்த்து மூன்று கொடி. காலையில் யார் முதலில் எழுகிறார்களோ அவர்களுக்குக் கயிறு. ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு இடமே இருக்காது. நாங்கள் பெண்கள் உள்ளாடையை வெளியே போட மாட்டோம். அது வெறும் கூச்சம் மட்டுமில்லை. ஒரு அக்காவின் துணி இரண்டு தடவை கொடியிலிருந்து காணாமல் போனது. அவர் அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. போனது துணி மட்டும்தான், ஆனால் யாரோ தன்னைத் தொட்ட மாதிரி அவர் துடித்தார். அதனால் மறைத்துப் போடுகிற பெண்ணைப் பார்த்து "இதில் என்ன வெட்கம்" என்று சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. கடைசியில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்தோம். காலை எட்டு மணிக்கு ஓனர் வீட்டு மாடியைக் கேட்டு வாங்கி, இரவு ஷிப்டு முடிந்து வந்த யாராவது ஒருத்தர் பத்தரை வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். மெல்லிய துணிக்கு அந்த இரண்டரை மணி நேரம் தாராளம்.

கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்து, சில வருடம் வாடகை வீடு, அப்புறம் கடன் வாங்கி அவினாசி ரோட்டுப் பக்கம் அப்பார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு. குடி வந்த மறு வாரமே லிஃப்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள்: பால்கனியில் துணி காயப் போடக் கூடாது, மீறினால் அபராதம். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. கேட்டால், "கீழிருந்து பாக்கறப்ப லைன் வீடு மாதிரி தெரியுதுங்க, வீட்டுக்கு விலை இறங்கிடும்" என்றார்கள். லைன் வீட்டில் ஏழு வருடம் இருந்தவள் நான். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. துவைத்த துணி எப்படி அசிங்கமாகும்? அழுக்குத் துணியை யாரும் கொடியில் போடுவதில்லையே.

கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். கையெல்லாம் நடுங்கியது. போவதற்கு முன்னால் கொஞ்சம் படித்துக்கொண்டு போனேன். அமெரிக்காவில் பல குடியிருப்புச் சங்கங்கள் இதே மாதிரி கொடிக்குத் தடை போடுகின்றன, அந்தத் தடையைக் கட்டுப்படுத்தவே ஃபுளோரிடா, வெர்மான்ட் போன்ற மாநிலங்களில் சட்டம் இருக்கிறது, கனடாவில் ஒண்டாரியோ மாகாணம் 2008-ல் அப்படிப்பட்ட தடைகளை நீக்கியது. இதைச் சொன்னபோது கொஞ்சம் பேர் காது கொடுத்தார்கள். ஆனால் ஆளை அசைத்தது அது இல்லை. சூடேற்றிக் காயவைக்கிற சாதாரண மெஷின் ஒரு தடவைக்கு 2, 3 யூனிட் கரண்ட் இழுக்கும், வாரத்துக்கு நான்கு தடவை ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்போதுதான் முன் வரிசையில் இருந்த பெரியவர் தலையாட்டினார்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது மாடி அம்மா சொன்னார்: "உங்க ஜீன்ஸ்ல இருந்து சொட்டற நீலத்தண்ணி எங்க வடகம் மேல விழுகுதுங்க." அது என் தப்பு. பிழியாமல் போட்டிருக்கிறேன். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன், வடகத்துக்குப் பதில் வடகம் போட்டுக் கொடுத்தேன். முடிவில் இப்படிப் பேசி முடித்தோம்: மாடிச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை யார் வேண்டுமானாலும் போடலாம். தண்ணீர் டேங்க் பக்கம் குழந்தைகள் போகாமல் கம்பித் தடுப்பு. பால்கனியில் கைப்பிடிச் சுவர் உயரத்துக்குக் கீழே நிற்கிற மடக்கு ஸ்டாண்டு வைத்துக்கொள்ளலாம், சொட்டுகிற துணி கூடாது. முழுசாக ஜெயித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று மாடியில் பதினாறு கொடி ஓடுகிறது.

சரி, இத்தனை வருடத்தில் கைப்பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கயிற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அதிகம் ஏமாந்திருக்கிறேன். நைலான் கயிறு மலிவு, ஆனால் நம் வெயிலில் இரண்டு வருடம் தாங்காது. நார் நாராகப் பிரிந்து தூளாகித் துணியில் ஒட்டும், ஒரு நாள் மொத்தத்தோடு அறுந்து தரையில் விழும். சாதாரண கட்டுக்கம்பி துருப்பிடிக்கும். மாமனாரின் பொங்கல் வேட்டியில் குறுக்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு விழுந்து, எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து மூன்று நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியில் உறை வெடித்த இடத்தில் துரு ஒளிந்திருக்கும், அதை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் காசு போனாலும் எவர்சில்வர் கம்பிக்கயிறு நல்லது. எந்தக் கயிறானாலும் துணி போடும் முன் ஈரத்துணியால் ஒரு இழுப்புத் துடைத்துவிடுங்கள். கோவைப் பக்கம் ரோட்டுத் தூசி ஒரே ராத்திரியில் கயிற்றில் கறுப்பாகப் படியும்.

கொடிக்கு மேலே என்ன மரம் என்று பாருங்கள். வேம்பு என்றால் காக்கை உட்காரும். முருங்கை என்றால் கம்பளிப்பூச்சி. ஊரில் முருங்கை மரத்தடியில் காய்ந்த சட்டையை உதறாமல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன என் தம்பிக்கு, முதல் பீரியட் முடிவதற்குள் முதுகெல்லாம் தடித்துவிட்டது. பூச்சி சட்டையில் இல்லை, அதன் முடிதான் இருந்தது. அது போதும்.

துணி காய்வதற்கு வெயிலைவிடக் காற்றுதான் முக்கியம். நம் பக்கத்துக்கு அது கொடுப்பினை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வைகாசியிலிருந்து ஆவணி வரை நிற்காமல் அடிக்கும், பல்லடம் உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பதே அதனால்தான். மேகம் மூடியிருந்தாலும் அந்தக் காற்றில் பருத்திச் சட்டை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். நெருக்கிப் போட்டால் நடுவில் இருப்பது கடைசி வரை ஈரம்தான், என் மகளின் துணி மாதிரி. ஆடிக் காற்றில் சேலை, பெட்ஷீட்டைப் பாதிக்குப் பாதி மடித்துக் கயிற்றில் போட்டு, இரண்டு ஓரத்தையும் கயிற்றோடு சேர்த்துக் கிளிப் போடுங்கள். ஊரில் எங்களுக்குத் துணி வெளுத்துக் கொடுத்த அண்ணன் கிளிப்பே பயன்படுத்த மாட்டார். இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுவார். எத்தனை காற்றடித்தாலும் ஒன்றும் போகாது. அவரிடம் கற்றதை இன்றைக்கும் மாடியில் ஒரு கொடியில் வைத்திருக்கிறேன்.

போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு துணியையும் இரண்டு கையால் பிடித்து இரண்டு தடவை பலமாக உதறுங்கள், அயர்ன் வேலை பாதியாகும். டீ-சர்ட்டைத் தோளில் கிளிப் போட்டால் காது மாதிரி இரண்டு மேடு விழும், கழுத்தும் இளகும். அக்குள் மட்டத்தில் கயிற்றில் குறுக்கே போட வேண்டும். பருத்தி நனைந்தால் பலம் கூடும், அதனால் எப்படித் தொங்கினாலும் தாங்கும். ரேயான் நைட்டி நனைந்தால் பலம் இழக்கும், முறுக்கிப் பிழியவும் கூடாது, ஒரே முனையில் தொங்கவிடவும் கூடாது. அடர் கலர் எல்லாம் உட்புறம் வெளியே இருக்கும்படி திருப்பி, பதினொரு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். தரப் பிரிவில் ஷேட் கார்டு என்கிற நிற மாதிரி அட்டையைப் பார்த்துப் பழகின கண்ணுக்குச் சொல்கிறேன், மெரூனும் கறுப்பும் நம் உச்சி வெயிலில் ஒரு மாசத்தில் வயசாகிவிடும். பட்டுக்கு வெயிலே வேண்டாம். எலாஸ்டிக் உள்ளதற்கெல்லாம் காலை வெயில் போதும், நாள் முழுக்கக் கிடந்தால் இழுவை போய்விடும்.

துணி விறைப்பாக இருக்கிறது, அதனால் கொடி வேண்டாம் என்பவர்கள் தண்ணீரைப் பாருங்கள். காங்கேயத்து போர் தண்ணீரில் துவைத்த துண்டு பலகை மாதிரி நிற்கும், கறுப்புச் சட்டையில் உப்பு பூத்துத் தெரியும். சிறுவாணித் தண்ணீரில் அதே துண்டு எவ்வளவோ தேவலை. கடைசி அலசலில் ஒரு மூடி வினிகர் விட்டு, காய்ந்ததும் கையால் கசக்கி உதறினால் சரியாகும்.

மழைக் காலத்தில் வீட்டுக்குள் போடத்தான் வேண்டும். ஜன்னலைத் திறந்து ஃபேனுக்கு நேரே போடுங்கள், கதவைச் சாத்திய அறையில் வேண்டாம், சுவர் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததா என்று பார்க்க நடுத்துணியைத் தொடாதீர்கள். ஜீன்ஸின் இடுப்புப் பட்டை, பாக்கெட் துணி, சட்டையின் அக்குள் தையல், இந்த மூன்றையும் புறங்கையால் தொடுங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு மடித்து அலமாரியில் வைத்தால் வருகிற வாடை கிருமி பெருகுவதால் வருவது, எத்தனை சென்ட் அடித்தாலும் போகாது, திரும்பத் துவைக்கத்தான் வேண்டும்.

பொழுது சாய்ந்தால் குழந்தைத் துணியை வெளியே விடக்கூடாது என்று அத்தை இன்றும் சொல்வார். அவர் சொல்கிற காரணம் வேறு, காத்துக் கருப்பு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் மார்கழிப் பனியில் காய்ந்த துணி திரும்ப நனைவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் அவர் சொன்னபடியே எடுத்து வைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் மகளை மாடிக்குக் கூட்டிப் போனேன். ஆத்தாவின் சாக்கையும், காங்கேயத்து டாக்டரையும், லைன் வீட்டு அக்காவையும் அவளுக்குச் சொன்னேன். பயமுறுத்தாமல் சொல்ல முயன்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பாருவோடத மட்டும் ஏம்மா வேலில போட்டாங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் அவள் என் உள்பாவாடையை எடுத்து உதறிக் கயிற்றில் போடப் பார்த்தாள், கை எட்டவில்லை. கொடி என் உயரத்துக்குக் கட்டினது. ஊரில் இப்படி இருந்தால் கொடியைத் தூக்கிப் பிடிக்கிற கவைக்கோலை எடுத்துவிட்டுக் கயிற்றைத் தாழ்த்துவோம்.

சாயங்காலம் கடைக்குப் போய் இன்னொரு கம்பிக்கயிறும் நான்கு கொக்கியும் வாங்கி வந்து, அவளை நிற்கச் சொல்லி, அவள் கை நீட்டின இடத்தில் சுவரில் பென்சிலால் குறித்து, அங்கே கட்டினோம். மாடியின் கிழக்கு ஓரம், காலை வெயில் முதலில் படுகிற இடம்.

பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் அவள் துணியை அவளே போடுகிறாள். ஒரு சாண் விட்டு.